ராய்ப்பூர்ப் பிரபு சத்தியேந்திர பிரசன்ன சின்ஹா

நம் சங்கத்து ஆண்டு மலர்களில் கம்பரும் வள்ளலாரும் வ.உ.சி.யும் இடம்பெறுதல் முறையே. ஆயினும் வங்க மண்ணில் இரண்டு மூன்று தலைமுறையாக உண்டு உடுத்து வாழ்ந்துவரும் நாம், இம்மண்ணின் பெரியார்களைப் பற்றியும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இரவீந்திரரையும் விவேகானந்தரையும் நேதாஜியையும் அவர்கள் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகின்றனர். லார்டு சின்ஹா யார் என்று கேட்டால் மட்டும், அது ஒரு தெருவின் பெயர் என்று விடை வருகிறது. அவ்விடையில் பிழை ஒன்றுமில்லை. ஷேக்ஸ்பியர் சரணியை ஒட்டி அப்பெயரில் ஒரு சாலை இருக்கத்தான் செய்கிறது. வெள்ளையர் காலத்தில் அதற்கு எலிசியம் ரோ என்று பெயர். விடுதலைப் போராட்ட வீரர்களைப் பிடித்து வந்து விசாரித்த போலீசு உளவுப் பிரிவு அத்தெருவில்தான் இருந்தது. ஆகவே பழைய வங்காளிகளுக்கு அந்தப் பழைய பெயரைக் கேட்டாலே உடல் சிலிர்க்கும். அந்தத் தெருவுக்கு யாருடைய பெயர் வந்து அமர்ந்தது, அவர் பெயருக்கு முன்னால் லார்டு என்னும் ஆங்கிலப் பட்டம் எப்படி வந்தது, வந்த பட்டம் நிலைத்ததா என்பவற்றை இங்கே என் சிற்றறிவுக்கு எட்டியவரை எழுதுகிறேன்.

பீர்பூம் மாவட்டத்தில் போல்பூரை அடுத்த ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் 1863ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சத்தியேந்திர பிரசன்ன சின்ஹா பிறந்தார். காயஸ்த மரபில் வந்த ஜமீன் குடும்பம் அது. அதே 1863ஆம் ஆண்டில் அக்குடும்பத்தாரிடமிருந்து மகரிஷி தேவேந்திரநாத் தாகூர் இருபது பிகா நிலத்தைக் குத்தகையாகப் பெற்றார். வறண்ட செம்மண் பூமி. நடுவே இரண்டு ஏழிலைப்பாலை மரங்கள். அந்த நிலமே பின்னாளில் சாந்திநிகேதனம் ஆயிற்று. தாகூர் குடும்பமும் சின்ஹா குடும்பமும் இவ்வாறு ஒரே செம்மண்ணில் அடுத்தடுத்து நின்றவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். அது பின்னர்ப் பயன்படும்.

சின்ஹா சூரியிலுள்ள ஜில்லா பள்ளியில் படித்து 1877இல் நுழைவுத் தேர்வில் தேறினார். பின்னர்க் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். 1880இல், பதினேழாம் வயதில், கோவிந்த மோகினி என்னும் பெண்மணியை இந்து சமயச் சடங்குகளின்படி மணந்தார். அக்காலத்தில் அது ஒரு செய்தியே அன்று. நம் பாட்டன்மாருக்கும் அந்த வயதில்தான் திருமணம் நடந்தது; அக்கினி சாட்சி, ஊரார் சாட்சி, அவ்வளவே. எந்தப் பதிவேட்டிலும் எவரும் கையொப்பம் இடவில்லை. அந்த எளிய திருமணம் ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையின் விசாரணைக்கு வரும் என்று மணமேடையில் இருந்தவர் எவரேனும் நினைத்திருப்பரோ?

அடுத்த ஆண்டு, 1881இல், தமையனாருடன் சின்ஹா கப்பலேறிச் சீமைக்குச் சென்றார். லிங்கன்ஸ் இன் என்னும் சட்டப் பள்ளியில் பயின்று, பரிசுகளும் உதவித்தொகைகளும் பெற்று, 1886இல் பாரிஸ்டரானார். அதே ஆண்டில் கல்கத்தா திரும்பி உயர்நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். தொடக்கத்தில் வழக்குகள் வந்து குவிந்துவிடவில்லை; சிட்டி கல்லூரியில் சட்டம் கற்பித்துக்கொண்டே காலம் தள்ளினார். அந்த 1886இலேயே கணவனும் மனைவியும் சாதாரண பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தனர். ஒருவனுக்கு ஒருத்தி என்பது அச்சமாஜத்தின் உறுதியான விதி. அடுத்த ஆண்டு, 1887இல், மூத்த மகன் அருண் குமார் பிறந்தார். 1880, 1886, 1887 ஆகிய இம்மூன்று ஆண்டுகளின் வரிசையை வாசகர்கள் மனத்தில் குறித்துக்கொள்வார்களாக. கோப்புக் கட்டும் எங்கள் தொழிலில் தேதி வரிசைதான் உயிர். சின்ஹா வீட்டு வரலாற்றிலும் அப்படியே ஆயிற்று.

வழக்கறிஞராக அவர் உயர்ந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். சொல்வன்மையைவிடச் சட்ட நுணுக்கமே அவருடைய படைக்கலம். 1908இல் வங்காளத்தின் அட்வகேட் ஜெனரல் பதவி நிலையாக அவருக்குக் கிடைத்தது. இந்தியர் ஒருவர் அப்பதவியைப் பெற்றது அதுவே முதல் முறை. மறு ஆண்டு மிண்டோ பிரபு அவரை வைசிராயின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினராக அமர்த்த எண்ணினார். இந்தியாமந்திரி மார்லி இசைந்தார். மன்னர் ஏழாம் எட்வர்டுக்கோ சிறிதும் மனமில்லை. இந்தியாவை ஆளும் உள்ளறையில் ஓர் இந்தியன் அமர்வதா என்று நெடுநாள் முட்டுக்கட்டை இட்டு, மந்திரி சபையின் முடிவை மீற இயலாமல் இறுதியில் கையொப்பமிட்டார். சின்ஹாவுக்குந்தான் பெரிய ஆசை இல்லை. நீதிமன்றத்தில் அவர் ஈட்டிய பொருள் அரசாங்கச் சம்பளத்தைவிட மிக அதிகம். இருந்தும் இந்தியர் ஒருவருக்குத் திறந்த கதவு தம்மால் மூடிவிடக் கூடாதே என்று ஏற்றார். 1910இல் பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டம் வந்தபோது அதன் கடுமையைப் பொறாமல் விலகிவிட முனைந்தார். சட்டத்தில் சில தளர்வுகள் செய்த பின்பே சமாதானமானார். அவ்வாண்டு முடிவதற்குள் பதவியைத் துறந்து தம் தொழிலுக்கே திரும்பினார்.

1915இல் அவருக்கு சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு இரவீந்திரநாத் தாகூருக்கும் சர் பட்டம் வந்தது. ராய்ப்பூருக்கும் சாந்திநிகேதனத்துக்கும் இடையே சில மைல் தூரமே. இரண்டிடத்துக்கும் ஓராண்டிலேயே அரச விருது வந்து சேர்ந்ததை அம்மாவட்டத்தார் பெருமையாகக் கருதியிருப்பர். அவ்வாண்டு டிசம்பரில் பம்பாயில் கூடிய காங்கிரசு மகாசபைக்குச் சின்ஹா தலைமை வகித்தார். இந்தியாவுக்குத் தன்னாட்சி தருவதே தன் குறிக்கோள் என்று பிரிட்டன் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பதும், படையில் இந்தியருக்கு அதிகாரிப் பதவிகள் தர வேண்டும் என்பதும் அவர் தலைமையுரையின் சாரம். தீவிரவாதிகளுக்கு அது மிக மெல்லிய குரலாகப்பட்டது. அரசாங்கத்துக்கோ அதுவே உரத்த குரலாகப்பட்டது. மிதவாதிகளுடைய தலைவிதி எக்காலத்திலும் இதுதான் போலும்.

முதல் உலகப் போர்க் காலத்தில் 1917இலும் 1918இலும் ஏகாதிபத்தியப் போர் மாநாடுகளுக்கு இந்தியாவின் சார்பில் அவர் லண்டன் சென்றார். 1919இல் பாரிசு அமைதி மாநாட்டிலும் பிக்கானேர் மகாராஜாவுடன் அமர்ந்தார். அவ்வாண்டுத் தொடக்கத்தில் இந்தியாமந்திரி மாண்டேகுவின் துணை மந்திரியாக நியமிக்கப் பெற்றார். இங்கேதான் நம் கதையின் முக்கியமான திருப்பம் வருகிறது. மாண்டேகு காமன்ஸ் சபையில் இருந்தார். இந்தியாவுக்கான சீர்திருத்த மசோதாவைப் பிரபுக்கள் சபையில் நடத்திச் செல்ல ஒருவர் வேண்டும். அச்சபையில் பேச வேண்டுமானால் பிரபுவாக இருக்க வேண்டும். ஆகவே 1919 பிப்ரவரியில் சின்ஹாவைப் பரம்பரைப் பிரபுவாக்கி மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் பட்டயம் அளித்தார். வங்க மாகாணத்து ராய்ப்பூரின் பாரன் சின்ஹா என்பது பட்டத்தின் முழு வடிவம். இந்தியர் ஒருவருக்கு இப்பட்டம் கிடைத்தது அதற்கு முன்னும் இல்லை, பரம்பரை உரிமையோடு கிடைத்தது அதற்குப் பின்னும் இல்லை. பீர்பூமின் செம்மண் கிராமம் ஒன்றின் பெயர் இங்கிலாந்து அரசின் தோற்பட்டயத்தில் ஏறிவிட்டது.

இந்தப் பட்டயம், பட்டம், சின்னம் ஆகியவற்றை அந்நாட்டில் யார் காக்கிறார்கள் என்பதைச் சிறிது விரித்துச் சொன்னாலன்றிப் பின்னால் வரும் வழக்கு விளங்காது. நம் நாட்டு அரசவைகளில் கட்டியக்காரர் என்போர் இருந்தனர். அரசன் வரும்போது முன்னே நின்று அவன் விருதாவளியைக் கூறுவது அவர்கள் பணி. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வருவதை நம்மில் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். விருது என்ற சொல்லுக்கே கொடி, சின்னம் என்னும் பொருள் உண்டு. ஐரோப்பாவிலும் இத்தகைய கட்டியக்காரர் இருந்தனர். அங்கே வீரர்கள் தலைமுதல் கால்வரை இரும்புக் கவசம் அணிந்ததால் யார் எவர் என்று அடையாளம் தெரியவில்லை. ஆகவே கேடயத்திலும் மேலங்கியிலும் ஒவ்வொருவரும் ஒரு சின்னம் எழுதிக்கொண்டனர். அச்சின்னங்களை நினைவில் வைத்து, இன்னார் இவர் என்று அறிவிப்பது கட்டியக்காரர் வேலையாயிற்று. நாளடைவில் எவருக்கு எச்சின்னம் உரியது என்று கணக்கு வைப்பதும், புதிதாக அளிப்பதும், போலியைக் களைவதும் அவர்களிடமே வந்து சேர்ந்தன.

ஒரே சின்னத்தை இருவர் உரிமை கொண்டாடினால் என்ன செய்வது? 1385இல் இரண்டாம் ரிச்சர்டு மன்னன் ஸ்காட்லாந்தின்மீது படையெடுத்தபோது அதுவே நடந்தது. நீல நிறத்தில் குறுக்காக ஒரு பொற்பட்டை எழுதிய கேடயத்தோடு ஸ்குரோப், குரோவெனர் என்னும் இரு வீரர்கள் பாசறையில் எதிர்ப்பட்டனர். வழக்கு ஆண்டுக் கணக்கில் நடந்தது. நூற்றுக்கணக்கான சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். ஆங்கிலக் கவி சாசர் அவர்களுள் ஒருவர். இறுதியில் ஸ்குரோப் வென்றார். ஒரு பட்டைக் கோட்டுக்காகவா இத்தனை பாடு என்று நாம் சிரிக்கலாம். ஆனால் புலியும் மீனும் வில்லும் பொறித்த முத்திரைக்காக மூவேந்தர் சிந்திய குருதி எவ்வளவு? இராசேந்திர சோழரின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் சோழப் புலியின் அருகே பாண்டியர் மீன்களும் சேரர் வில்லும் சேர்த்துப் பொறிக்கப் பெற்றிருப்பது, அவர்களை வென்றோம் என்று ஊருக்குச் சொல்லத்தானே! அந்தப் புலிக்கொடி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்த வங்க நாட்டுக் கங்கைக் கரை வரையில் வந்து போயிற்று என்பதை நம் பிள்ளைகள் அறிதல் நலம்.

இங்கிலாந்தில் 1484இல் மூன்றாம் ரிச்சர்டு மன்னன் கட்டியக்காரர்களை ஒரு கழகமாக்கிப் பட்டயம் வழங்கினான். லண்டனில் அக்கழகம் இன்றும் நடக்கிறது. மூன்று தலைமைக் கட்டியக்காரர், ஆறு கட்டியக்காரர், நான்கு இளங்கட்டியக்காரர் ஆகப் பதின்மூவர். அவர்களுக்கு மேலே நார்ஃபோக் கோமகன் வழிவழியாக மேற்பார்வை செய்கிறார். மூன்று தலைவர்களுள் முதல்வருக்குக் கார்ட்டர் என்று பெயர். மற்ற இருவருக்கும் நாடு டிரெண்டு ஆற்றுக்குத் தெற்கு, வடக்கு என்று பங்கிட்டுத் தரப்பட்டது. 1530 முதல் 1688 வரையில் இவர்கள் மாவட்டந்தோறும் சுற்றி, ஒவ்வொரு வீட்டாரும் பயன்படுத்தும் சின்னத்துக்குச் சான்று கேட்டு, உரிமை இல்லாதவற்றை அழிக்கச் செய்தனர். எங்கள் அலுவலகத்துத் தணிக்கைக்காரர் வருகையை நினைத்துக்கொண்டால் அந்நாளைய கிராமத்துச் செல்வர்களின் கலக்கம் புரியும். பிற்காலத்தில் சின்னம் பயன்படுத்துவோர் ஆண்டுதோறும் வரி கட்டி உரிமம் பெற வேண்டியிருந்தது. வண்டியில் எழுதிக்கொண்டால் வரி இரட்டிப்பு. அந்த வரி 1944இல்தான் ஒழிந்தது. கேடயத்தின் இருபுறமும் தாங்கி நிற்கும் விலங்கோ மனித உருவோ எல்லாருக்கும் கிடைத்துவிடாது. பிரபுக்களுக்கும் சில உயர் விருதினருக்கும் நகராட்சி போன்ற பெரிய அமைப்புகளுக்குமே உரியது.

நம் கொல்கத்தா நகராட்சியும் 1896இல் இத்தகைய சின்னம் பெற்றது. கேடயத்தைத் தாங்கி நின்றவை சிங்கமும் அல்ல, புலியும் அல்ல. வாயில் பாம்பைக் கவ்விய இரண்டு பெருநாரைகள்! வங்காளிகள் ஹார்கிலா என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவை நகரின் மாளிகைக் கூரைகளில் கூட்டம் கூட்டமாக நின்று, தெருக் கழிவுகளைத் தின்று துப்புரவுப் பணி செய்தன. சம்பளமில்லாத அத்தொழிலாளிக்கு நகராட்சி செய்த கௌரவம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சின்னம் கிடைத்த சில பத்தாண்டுகளுக்குள் பறவை நகரைவிட்டே மறைந்துவிட்டது.

இந்திய அரசர்களுக்கு நேர்ந்தது வேறு வகை. 1877ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் டெல்லியில் லிட்டன் பிரபு பெரிய தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார். அங்கே சுமார் தொண்ணூறு சமஸ்தானாதிபதிகளுக்கு ஐரோப்பிய முறையில் சின்னம் எழுதிய பட்டுக்கொடிகள் வழங்கப்பட்டன. அவற்றை வகுத்தவர் லண்டன் கட்டியக்காரர் அல்லர். வங்காள சிவில் சர்வீசைச் சேர்ந்த இராபர்ட் டெய்லர் என்னும் அதிகாரி. ஆயிரம் ஆண்டுப் பரம்பரை உடையவர்களுக்கும் ஓர் அதிகாரி மேசையில் அமர்ந்து சின்னம் வரைந்து கொடுத்தார், வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு முடி இருந்தது, பீரங்கி மரியாதை இருந்தது, ஆனால் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் ஓர் இருக்கை இல்லை. மகாராஜாக்களுக்குக் கிடைக்காத அந்த இருக்கை ராய்ப்பூர் வழக்கறிஞருக்குக் கிடைத்தது.

புதிய பிரபுவைச் சபைக்குள் அழைத்துச் செல்லும் பொறுப்பு கார்ட்டருடையது. அரச சின்னம் பொன்னிழையால் பின்னிய அங்கி அணிந்து, கையில் பட்டயத்தோடு அவர் முன்னே செல்வார். செவ்வங்கி தரித்த இரு பிரபுக்களுக்கு நடுவே புதியவர் நடப்பார். சபைத் தலைவரான லார்டு சான்சலர் முன் மண்டியிட்டுப் பட்டயத்தைக் கொடுப்பார். அது உரக்க வாசிக்கப்படும், உறுதிமொழி நடக்கும், பின்னர் கார்ட்டர் காட்டும் இடத்தில் அமர்ந்து, அவர் குறிப்புக் காட்டியபடி மும்முறை எழுந்து தொப்பியைக் கழற்றி வணங்க வேண்டும். 1998 வரை இம்முறை நீடித்தது. நம் கட்டியங்காரனுக்கும் கார்ட்டருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: இவன் பாடிவிட்டுப் போய்விடுவான், அவர் எழுதி வைத்துக்கொள்வார். பாட்டு மறந்துபோகும். பதிவேடு மறப்பதில்லை, சில சமயம் மன்னிப்பதும் இல்லை.

அந்த 1919ஆம் ஆண்டின் ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது. மே மாத இறுதியில் தாகூர் வைசிராய்க்குக் கடிதம் எழுதித் தம் சர் பட்டத்தைத் துறந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே நம் சென்னை சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், அமெரிக்க அதிபர் வில்சனுக்கு எழுதிய கடிதத்தால் எழுந்த கண்டனத்தைக் கேட்டு, சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் வீசி எறிந்திருந்தார். சின்ஹா எறியவில்லை. சபையில் அமர்ந்து மசோதாவை நடத்தினார். அது டிசம்பரில் 1919ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டமாயிற்று. பீர்பூமின் இரு புதல்வர்களுள் ஒருவர் விருதை விட்டெறிந்ததையும், மற்றவர் விருதைப் பற்றிக்கொண்டதையும் ஒப்பிட்டு அவரைத் தூற்றியோர் பலர். என் கருத்தைக் கேட்டால், தாகூர் செய்ததே நெஞ்சை நிமிர்த்தும் செயல். ஆயினும் மாகாணங்களில் இந்திய மந்திரிகள் முதன்முதலாக அமர்ந்ததும், ஓரளவேனும் வாக்குரிமை பரவியதும் அந்தச் சட்டத்தால்தான். அதற்கு அச்சபையில் வாதாடிய ஒரே இந்தியக் குரல் சின்ஹாவினுடையது. கவிஞருக்கு எறிய உரிமை உண்டு. வக்கீல் வழக்கை நடுவில் விட்டுவிட்டு வெளியேற முடியுமா?

பின்னர் அவர் பீகார், ஒரிசா மாகாணத்தின் கவர்னராகப் பாட்னா சென்றார். பிரிட்டிஷ் மாகாணம் ஒன்றுக்கு முதல் இந்தியக் கவர்னர் அவரே. உடல் நலிவால் 1921இல் விலகினார். 1926இல் பிரிவி கவுன்சிலின் நீதிக் குழுவில் உறுப்பினரானார். 1928 மார்ச்சில் முர்ஷிதாபாத் மாவட்டத்துப் பெர்ஹாம்பூரில் உயிர் நீத்தார்.

பெரியவர் வரலாறு இத்துடன் முடியும் என்று எண்ணலாம். எனக்கு முக்கியமாகப்படுவது இதன் பிறகுதான். பரம்பரைப் பட்டம் மூத்த மகன் அருண் குமாரைச் சேர வேண்டும். பட்டயத்தில் எழுதியுள்ள சொல், முறையான திருமணத்தில் பிறந்த ஆண் வழித்தோன்றல் என்பது. சபைக்கு அழைக்கும் ஆணையை அவர் கேட்டபோது தடை எழுந்தது. பெற்றோர் திருமணம் முறையானதா? பதிவு எங்கே? அது மட்டுமன்று. 1866இல் ஆங்கில நீதிமன்றம், மார்மன் சமயத்தவர் ஒருவர் வழக்கில், ஒருவன் ஒருத்தியையே வாழ்நாள் முழுதும் கொள்வதுதான் திருமணம் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. 1880இல் இந்துச் சட்டப்படி ஆடவன் மறுபடியும் மணந்துகொள்ளலாம். சின்ஹா மணக்கவில்லை, ஆயினும் மணந்திருக்கலாம் அன்றோ? ஆகவே கோவிந்த மோகினி அம்மையாரின் திருமணம் ஆங்கிலச் சட்டத்தின் கண்ணில் திருமணந்தானா என்பது கேள்வி.

வாசகர்களே, இக்கேள்வியின் கொடுமையை உணர வேண்டும். கணவர் வைசிராய் சபையில் இருந்தார், கவர்னராக இருந்தார். அம்மையார் அவர் மனைவி என்பதில் எவருக்கும் ஐயம் தோன்றவில்லை. அவர் இறந்த பிறகு, மகனுடைய உரிமைக்காக, தாயின் மணவாழ்வே கேள்விக்குரியதாகியது. நான் பணிபுரியும் ரயில்வே அலுவலகத்தில் ஓய்வூதியக் கோப்புகள் என் மேசைக்கு வருகின்றன. இறந்துபோன கலாசியின் மனைவி, நாற்பது ஆண்டு அவனோடு வாழ்ந்து பேரன் பேத்தி கண்டவள், தான் அவன் மனைவிதான் என்பதற்குத் தாளைத் தேடி அலைவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தாலியைத் தூக்கிக் காட்டுவாள். தாலியைக் கோப்பில் தைக்க முடியாதே! பட்டயமும் கேடயமும் பெற்ற வீட்டுக்கும் இதே நிலை வந்தது.

வழக்கு 1939இல் பிரபுக்கள் சபையின் உரிமைக் குழுவில் முடிவடைந்தது. லார்டு சான்சலர் மாம் அதற்குத் தலைமை வகித்தார். நான் முன்னே குறித்துக்கொள்ளச் சொன்ன தேதிகள் அங்கே வேலை செய்தன. திருமணம் 1880. தம்பதிகள் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தது 1886. மகன் பிறந்தது 1887. ஆகவே மகன் பிறக்கும்போது அத்திருமணம் ஒருவனுக்கு ஒருத்தி என்னும் விதிக்கு உட்பட்டிருந்தது. வேறு மனைவி என்றும் இருந்ததில்லை. மகன் முறையான வாரிசே என்று குழு ஒப்புக்கொண்டது. தந்தை இறந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பின் அருண் குமார் இரண்டாம் பாரன் சின்ஹாவாக ஏற்கப் பெற்றார். பிரம்ம சமாஜத்தில் சேராதிருந்தாலோ, மகன் ஈராண்டு முன்னே பிறந்திருந்தாலோ தீர்ப்பு எப்படி ஆகியிருக்கும்? ஒருவருக்கு இரு மனைவியர் இருந்து இருவருக்கும் மகன்கள் இருந்தால் யார் மூத்த வாரிசு என்ற கேள்வியைக் குழு தொடவில்லை. இத்தீர்ப்பு அத்தகைய வழக்குகளுக்கு முன்மாதிரி ஆகாது என்று ஒதுக்கிவிட்டது. மகன் அருண் குமார் 1967இல் காலமானார்.

1950இல் நம் அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு, படை, கல்வி தொடர்பானவை நீங்கலாக, பட்டங்களை ஒழித்தது. இந்தியக் குடிமகன் அயல்நாட்டுப் பட்டத்தை ஏற்கவும் தடை விதித்தது. நமக்கெனக் கட்டியக்காரர் கழகம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. சாரநாத்துச் சிங்கத் தூணின் முகப்பே 1950 சனவரி 26ஆம் நாள் முதல் நாட்டின் சின்னம். அதை யார் எங்கே பயன்படுத்தலாம் என்பதை 2005ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. உள்துறை அமைச்சகம் கவனித்துக்கொள்கிறது. தமிழ்நாட்டு அரசு கோபுரத்தைச் சின்னமாகக் கொண்டிருப்பதை நாம் அறிவோம். இங்கிலாந்திலும் 1999ஆம் ஆண்டுச் சட்டம், பரம்பரையால் மட்டும் பிரபுக்கள் சபையில் அமரும் உரிமையை, சிலர் நீங்கலாக, எடுத்துவிட்டது. ஆயினும் பட்டங்கள் ஒழியவில்லை. 2004இல் பிரபுக்களுக்கென ஒரு பதிவேடு ஏற்படுத்தப்பட்டது. பட்டத்துக்கு வாரிசாக வருபவர் பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றுகளைக் காட்டித் தம் உரிமையை மெய்ப்பித்து அதில் பெயர் ஏற்றிக்கொண்டால்தான் அரசாங்கத் தாள்களில் பிரபு என்று குறிக்கப்படுவார்.